இரண்டு முழம் காணவில்லை

ஏரல்
14-4-2025

அன்பு மகள் இஷ்ரத்துக்கு, வாப்பா காஜா முகைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறையில்லை. உனக்கும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

இதை யாரும் எனக்காக எழுதித் தரவில்லை. எழுத்தைப் பார்த்தால் மை தொட்ட நண்டு ஊர்ந்ததுபோல் இருக்கும். அந்த நண்டு நான்தான். பள்ளிக்கூடத்தில் மாலையில் விஜயஸ்ரீ டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். கருப்பட்டி மண்டியில் மூடை தூக்கிய காலமெல்லாம் ரேகை வைத்தவன், இப்போது பேனாவை வைத்துவிட்டால் கை அரிக்கிறது. பஸ்ஸில் போனால் கடைப் பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போகிறேன். கூட வரும் மகனுக்கு, உன் காக்கா அம்மாருக்கு, வெட்கம். "வாப்பா, மூலம் பவுத்திரம் போர்டையாவது மனசுக்குள்ள படிங்க" என்கிறான்.

போனில் நீ பேசுவது என் காதுக்குத் தகரம் உருள்வதுபோல் கேட்கிறது. நான் பேசினாலோ தெருவே கேட்கும். கடிதத்துக்குச் சத்தம் இல்லை. உனக்கும் எனக்கும் மட்டும்.

இனி விஷயம். அந்த டிசம்பர் வெள்ளத்தில் நம் தோட்டத்துக் கிணறு தூர்ந்துபோனதே, அதைத் தோண்டுவதற்குப் பதில் தெற்கே தேரி மணல் தொடங்கும் மேட்டில் புதுக்கிணறு வெட்டுகிறோம். அம்மாருக்கு அங்கே முருங்கை போட ஆசை. வெட்டுவது சொரிமுத்து. மேலே செம்மணல், அதன் கீழ் சுக்கான் கல். பலகாரத்தை வெட்டினால் தெரியுமே, அதுபோல் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. பாறை பார்ப்பதற்கே ஊரைவிட்டுப் போனவள் நீ. தண்ணீர் வந்ததும் சிமெண்ட் உறை இறக்கி எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போ.

இந்தக் கடிதம் எழுத நான்கு மாலை ஆனது.

வாப்பா
காஜா முகைதீன் (ரேகை இல்லை, கையெழுத்து)


பூஜ், குஜராத்
28-4-2025

அன்பு வாப்பாவுக்கு, இஷ்ரத்தின் ஸலாம். வெயிலில் கறுத்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை.

உறையின் மேல் தெரியாத கையெழுத்தைப் பார்த்ததும், ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவசரமாகப் பிரித்தேன். முகாமில் எல்லோரிடமும் காட்டினேன். தமிழ் தெரியாதவர்கள்கூட நண்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வரச் சொல்கிறீர்கள். லீவு கிடைக்காது என்று எழுதிவிடலாம். ஆனால் உங்கள் முதல் கடிதத்துக்குப் பொய்யா எழுதுவது? நான்கு வருஷத்துக்கு முன் மாமி மகனுக்கும் எனக்கும் நிக்காஹ் நாள் குறித்த பிறகு நான் வேலைக்குப் புறப்பட்டேன். "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று உம்மா சொன்னது உங்களுக்கும் கேட்டது. அன்றைக்கு உங்கள் காது நன்றாக இருந்தது. உம்மா அந்த வார்த்தையை எடுக்கும்வரை எனக்கு வாசல் இல்லை.

ஆனால் அந்தக் கிணறு என்னைத் தூங்கவிடவில்லை. கடல் விலகிப்போன நிலங்களைப் பற்றித்தான் நான் இங்கே வேலை செய்கிறேன். எனக்காக நீங்களே பார்த்து எழுதுங்கள் வாப்பா. ஒவ்வொரு அடுக்கும் என்ன நிறம், எத்தனை முழம், கடப்பாறைக்கு உடைகிறதா, மண்வெட்டிக்கு வருகிறதா. களிமண் என்றால் துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடியுங்கள். நறநறத்தால் மணல் கலந்திருக்கிறது, வழுக்கினால் சுத்தமான களி. சிரிக்காதீர்கள், நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
இஷ்ரத்


ஏரல்
15-5-2025

அன்பு மகளுக்கு வாப்பாவின் துஆவும் ஸலாமும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பில் கிழிந்துவிட்டது.

சொன்னபடி செய்தேன். முதலில் செம்மணல், என் கைக்கு ஆறு முழம். உலர்ந்தால் காற்றில் பறக்கும், நனைந்தால் சுவர்போல் நிற்கும். அடுத்து சுக்கான், இரண்டு முழம். வெள்ளையாக, முண்டு முண்டாக, எலும்பு போட்டு இறுக்கியதுபோல். கடப்பாறை அடித்தால் பொறி பறந்தது. அதன் கீழ் மஞ்சள் களி, ஐந்து முழம். அதை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். மேலே நிமிர்ந்த சொரிமுத்து, "என்ன அண்ணாச்சி, மண்ணத் திங்குதீய? இந்த வயசுல மசக்கையா?" என்றான். கூடையோடு சிரித்தான். நானும் சிரித்ததில் களி உள்ளே போய்விட்டது. வழுக்கியது. முதலில் மட்டும் லேசாக நறநறத்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்தால் கிணற்றடி. அம்மார் கேட்கிறான், "வாப்பா, கெணறு வெட்டுதது தண்ணிக்கா, கண்காட்சிக்கா?" அவனுக்கு நான் எழுதுவது தெரியாது.

நம் வீட்டில் எல்லோரும் நலம்.

வாப்பா


பூஜ்
30-5-2025

என் வாப்பாவுக்கு ஸலாம். வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இப்போதே வாழ்த்து. தபாலை நம்ப முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்து ஒரு படம் வரைந்து என் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். செம்மணலைக் கொண்டுவந்தது காற்று. சுக்கான் கல்லாக விழுந்ததில்லை. மண்ணுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் ஏறி, வெயிலில் வற்றி, ஏறி, வற்றி, அப்படியே இறுகியது. மஞ்சள் களி தாமிரபரணி விட்டுப்போனது. வெள்ளத்தில் நம் வீட்டுக் கூடம்வரை வந்த சேறும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இது மூத்தது.

எனக்கு வேண்டியது இனிமேல்தான் வரவேண்டும். கொற்கையில் கப்பல் நின்றது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இப்போது அங்கிருந்து கடலுக்குப் பஸ் ஏறவேண்டும். கடல் நம் மேடுவரை வந்திருந்தால் அதன் அடையாளம் களிக்குக் கீழேதான் இருக்கும். சிப்பியோ சங்கோ ஒரு துண்டு வந்தாலும் உடனே எழுதுங்கள். களி முடிகிற இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, பையப் பைய மாறுகிறதா என்றும் பாருங்கள். வெட்டியதுபோல் இருந்தால் நடுவில் ஏதோ அடுக்கு இருந்து அழிந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். காலம் போயிருக்கும், அதைச் சொல்ல மண் இருக்காது.

உம்மா எப்படி இருக்கிறாள்? ஸலாம் சொன்னீர்களா?

இஷ்ரத்


ஏரல்
20-6-2025

அன்பு மகள் இஷ்ரத்துக்கு வாப்பா. பெருநாள் நல்லபடி போனது. உனக்கு யார் பிரியாணி கொடுத்தார்கள்?

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நல்ல தண்ணீர், உப்பு இல்லை. அடியில் இருப்பதை நான் இறங்கி அளக்க முடியாமல் சொரிமுத்து தன் கையால் அளந்து சொன்னான். பழுப்புப் பாறை நான்கு முழம். அதில் சாய்வாகக் கோடு கோடாக, தலைவாரியதுபோல் இருக்கிறது. எல்லாக் கோடும் கிழக்கே சாய்கிறது. அதற்கும் அடியில் பரல்கல், இரண்டு முழம். தண்ணீர் வருவது அதில்தான். மேலேயிருந்து கயிறு விட்டு அதை என் கையால் அளந்தேன். மொத்தம் இருபத்தொரு முழம்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டை விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும் என்று டீச்சர் சொன்னார். சுக்கான் துண்டைக் குளியலறையில் வைத்து ஊற்றினேன். சோடா உடைத்ததுபோல் பொங்கியது. பாறையும் கொஞ்சம் பொங்கியது. அம்மார் வந்து பாட்டிலைப் பிடுங்கினான். "படிக்க விட்டது தப்பாப் போச்சு" என்கிறான்.

அவன் உறைக்குச் சொல்லிவிட்டான். நான்தான் ஊற்று இன்னும் தெளியவேண்டும், பொறு என்று தள்ளிவைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்குத் தள்ள முடியும் என்று தெரியவில்லை. நீ ஒரு எட்டு வந்து பார்த்தால் நல்லது.

எல்லோரும் நலம்.

வாப்பா


பூஜ்
3-7-2025

வாப்பாவுக்கு ஸலாம். இங்கே மழை பிடித்துவிட்டது. தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாய்ந்த கோடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து நடந்தேன். அது ஓடுகிற தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு போன தடம். கிழக்கே சாய்ந்தால் தண்ணீர் கிழக்கே ஓடியது. நம் ஆறுதான். ஆனால் சிப்பி பற்றி ஒரு வார்த்தை இல்லையே? இல்லையென்றால் இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். களி முடிகிற இடத்தைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை.

இன்னொன்று. ஆறு, இரண்டு, ஐந்து, நான்கு, இரண்டு. கூட்டினால் பத்தொன்பது. கயிறு இருபத்தொன்று சொல்கிறது. இரண்டு முழம் காணவில்லை. சொரிமுத்து அண்ணாச்சியின் கை உங்கள் கையைவிட நீளமோ? இரண்டு பேர் முழத்தையும் நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்புங்கள்.

உம்மாவுக்கு ஸலாம்.

இஷ்ரத்


ஏரல்
18-7-2025

என் மகளுக்கு வாப்பாவின் ஸலாம். மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

சிவப்பு நூல் என் முழம். வெள்ளை நூல் சொரிமுத்து. "அளவெடுத்து என்ன தைக்கப்போறிய அண்ணாச்சி, கோட்டா?" என்று கையை நீட்டினான். அவன் கை நீளம்தான்.

கணக்கு அவ்வளவுதான். எனக்கு வேறு தெரியாது.

காலையில் கிணறு, மத்தியானம் தபால்காரர், மாலையில் வகுப்பு. நடுவில் உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. உறை வந்து இறங்கிவிட்டது. கிணற்றோரம் வரிசையாகக் கிடக்கிறது. அம்மாரிடம் இந்தத் தடவை, உறையில் கீறல் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நீ வந்தால் எல்லாம் தெரியும்.

வாப்பா


பூஜ்
2-8-2025

வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் நூலை என் கையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு விரல் குறைவு. நூல் இப்போது என் கடிகாரத்தின் பட்டையில் சுற்றியிருக்கிறது.

அண்ணாச்சியின் கை நீளத்தைக் கணக்கில் சேர்த்தாலும் அரை முழம்தான் சரியாகிறது. மீதி ஒன்றரை முழம் எங்கே? எண்ணத் தெரியாது என்று சொல்லாதீர்கள். எழுத்துத் தெரியாத காலத்திலேயே மண்டியில் ஒரு மூடை குறையாமல் எண்ணிக் கொடுத்த ஆள் நீங்கள். ஒரு அடுக்கு இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை.

எழுதாதது இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் நலம் என்கிறீர்கள். உம்மா என்ற சொல் உங்கள் எந்தக் கடிதத்திலும் இல்லை. அம்மார் காக்காவிடம் போனில் கேட்டால் "நல்லா இருக்கா, நீ ஒன் சோலியப் பாரு" என்று வைத்துவிடுகிறார். உம்மாவுக்கு என்ன? படுத்திருக்கிறாளா? என்னிடம் மறைக்கிறீர்களா? மண்ணை மறைத்தால் மன்னிக்கலாம் வாப்பா. இதை மறைக்காதீர்கள்.

உடனே எழுதுங்கள்.

இஷ்ரத்


ஏரல்
9-9-2025

அன்பு மகள் இஷ்ரத்துக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. முதலில் இதைப் படி: உன் உம்மா ஆசியா உம்மாள் நன்றாக இருக்கிறாள். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன்னை ஒரு மாதத்துக்கு மேல் தவிக்கவிட்டேன். ஐந்து தடவை எழுத உட்கார்ந்து எழுந்தேன். காரணம் கேள், சிரிக்காதே. கடிதத்துக்குச் சத்தம் இல்லை என்று எழுதினேன் அல்லவா? நான் எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன். அப்படித்தான் வகுப்பில் பழகினேன். படிப்பதும் அப்படித்தான். என் காதுக்கு என் சத்தம் தெரியாது. சித்திரை மாதத்திலிருந்து நான் எழுதியது, நீ எழுதியது, எல்லாவற்றையும் அவள் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். உன் ஸலாம் ஒவ்வொன்றும் என் வாயாலேயே அவளுக்குப் போயிருக்கிறது.

களிக்குக் கீழே அந்த அடுக்கு வந்த அன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். "களிக்கு அடியில் கருப்பாக" என்று சொல்லி எழுதும்போது கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "அத எழுதாதீய. பாக்கணும்னா வந்து பாக்கட்டும்."

இஷ்ரத், நான்கு வருஷத்தில் உன்னைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதை நான் எப்படி மீறுவேன்? அந்தத் தாளைக் கிழித்தேன். அவள் பேரை எழுதினாலும் அவளுக்குக் கேட்குமே என்று அதையும் விட்டேன். நீ வருவாய் என்றிருந்தேன். நீ நூல் கேட்டாய்.

போன வெள்ளிக்கிழமை கோடை மழைபோல் கொட்டியது. மேற்குப் பக்கம் சரிந்து அந்த அடுக்கின் மேல் விழுந்தது. இனித் தள்ள முடியாது. வியாழக்கிழமை உறை இறங்குகிறது. இந்தக் கடிதம் உனக்கு வரும்போது எல்லாம் மூடியிருக்கும். நான் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தால் அவள் என் பேனாவைக் கையில் வைத்திருக்கிறாள். "உக்காருங்க. நான் சொல்லுதேன், எழுதுங்க" என்றாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"கருப்பு. மை கருப்பு இல்ல, அடிப்புடிச்ச சட்டியச் சொரண்டுனா வருமே, அந்தக் கருப்பு. மொத நாளு அழுகுன முட்டை நாத்தம், காத்துப் பட்டதும் போயிட்டு. கையில பெசஞ்சா பூரிக்கு மாவு மாதிரி வரும். உள்ள எலைச் சருகு இருக்கு, தொட்டா தூளாப் போவுது. எங் கைக்கு நாலு சாண்."

நான் பேனாவை நிறுத்தினேன். நீ எப்படி அளந்தாய் என்று கேட்டேன்.

"ஏணியில எறங்கித்தான். நீங்க டவுனுக்குப் போன அன்னைக்கு. சொரிமுத்து கால்ல விழாத குறை, 'வேண்டாம் மதினி, அண்ணாச்சி என்னக் கொன்னுருவாவ'ன்னான். நாங் கேக்கல. நீங்க எழுதுங்க."

இஷ்ரத், அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறமாட்டாள். எழுதுகிறேன்.

"சிப்பி இருக்கு. மேல இல்ல, அடியில ஒரு சாணுக்கு நெருக்கமா. எல்லாம் ரெண்டு ஓடும் மூடுனபடியே கெடக்கு. ஒண்ணுகூடத் தெறக்கல. ஒடையல. களி முடியுத எடம் வெட்டுன மாதிரியான்னு கேட்டாள்லா? இல்ல. பைய மாறுது. மஞ்சள் கலங்கி, சாம்பலாயி, அப்பொறந்தான் கருப்பு."

மண்மேட்டில் கொட்டிய கருப்புச் சேற்றிலிருந்து பொறுக்கி, கழுவி, அலுமினியக் குத்துப்போணியில் போட்டு அவள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் இன்றுதான் பார்த்தேன்.

வேறு என்ன எழுத என்று கேட்டேன். போணியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு சொன்னாள்:

"வரும்போது கெணத்துல பாக்கதுக்கு ஒண்ணும் இருக்காது. வரட்டும்."

வாப்பா
பக்கத்தில் உம்மா


பூஜ்
18-9-2025

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸலாம்.

உம்மாவின் சாண் சிறியது. நான்கு சாண், உங்கள் கைக்கு ஒன்றரை முழம். கணக்கு முடிந்தது.

உம்மா, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஆறு கடலைச் சேர்ந்த இடம் நம் மேடு. அலையில்லாத உப்பங்கழி, கரையில் மரங்கள், இலை உதிர்ந்து உதிர்ந்து கறுத்த சேறு. அலை அடித்துக் கொண்டுவந்த சிப்பி என்றால் ஓடு பிரிந்து, உடைந்து கிடக்கும். மூடியபடி இருந்தால் அவை எங்கிருந்தும் வந்தவை இல்லை. அங்கேயே பிறந்து அங்கேயே இருந்தவை. இதைத் தெரிந்துகொள்ள நான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்கள் ஏணியில் இறங்கிப் பார்த்துவிட்டீர்கள்.

வாப்பா, இதற்குள் உறை இறங்கியிருக்கும், இருக்கட்டும். காக்காவிடம் இனிக் கீறல் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத கிணற்றைப் பார்க்க லீவு கேட்டேன், கொடுத்தார்கள். இருபத்தெட்டாம் தேதி புறப்படுகிறேன்.

முழங்காலுக்கு என்ன தைலம் வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டு வையுங்கள்.

இஷ்ரத்


ஏரல்
26-9-2025

அன்பு மகளுக்கு வாப்பா.

இந்தக் கார்டு உனக்குக் கிடைக்காது. இது பூஜ் போய்ச் சேரும்போது நீ இங்கே என் எதிரில் உட்கார்ந்திருப்பாய். தெரிந்துதான் எழுதுகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

உறை இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் சிமெண்டும் தண்ணீரும் என் முகமும்தான். அம்மார் முதல் வாளி இறைத்து, குடித்துப் பார்த்து, "இஷ்ரத்துக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிடுமா வாப்பா?" என்று கேட்டான். அவனும் இத்தனை நாள் என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

சிப்பியை உன் உம்மா இன்றைக்கும் எடுத்துக் கழுவினாள். இது மூன்றாவது தடவை. இன்னும் தேய்த்தால் ஓடு தேய்ந்துவிடும் என்றேன். "நீங்க வாய மூடிக்கிட்டு எழுதுங்க" என்றாள்.

இதை வாயை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

வாப்பா